அத்தியாயம் 5: ஊற வைத்துத் தேயுங்கள், ஈரம் காயுமுன் பூசுங்கள்

ஆடி மாதக் காற்று ஊவாவில் இரண்டு வேலை பார்க்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று ஹட்டன், நுவரெலியாப் பக்கத்தில் மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது காய்ந்த காற்றாக இறங்குகிறது. கச்சான் காற்று என்கிறோம். ஜூலை முதல் செப்டெம்பர் வரை அது வீசும் நாட்களில் பறிக்கும் கொழுந்துக்குத்தான் ஊவாத் தேயிலை என்ற தனிப் பெயரும் தனி வாசனையும் கிடைக்கின்றன. அந்தக் கொழுந்தைப் பறிக்கிறவர்களின் குதிகாலை வெடிக்க வைப்பதும் அதே காற்றுதான். உதடு பிளக்கிறது, முழங்காலுக்குக் கீழே தோல் வெள்ளை வெள்ளையாகச் செதிலெடுக்கிறது, இராத்திரியில் அரிப்புத் தாங்காமல் சொறிந்து காலையில் பார்த்தால் நகக்கீறல். மலையிலிருந்து மொனராகலை, புத்தல, வெல்லவாய என்று கீழே இறங்க இறங்க, காய்ந்த காற்றோடு வெயிலின் சூடும் சேர்ந்துகொள்கிறது.

இந்த மாதங்களில்தான் செத்த தோலை உரித்தெடுக்க வேண்டும் என்ற எண்ணம் எல்லோருக்கும் வருகிறது. பீலிக்கரையில் கல்லில் குதிகாலைத் தேய்க்கிறார்கள். தேங்காய்த் தும்பால் முதுகை உரசுகிறார்கள். பதுளை பஸாரில் மணல் மணலாக இருக்கிற ஸ்கிரப் டியூப் ஒன்றை வாங்கி இளம்பிள்ளைகள் முகத்தைத் தேய்க்கிறார்கள். இந்த அத்தியாயத்தில் நான் வற்புறுத்திச் சொல்லப்போவது ஒன்றுதான். வெயிலிலும் காற்றிலும் வேலை செய்கிற நம் ஆட்களின் தோலுக்குத் தேய்ப்பு போதுமான அளவுக்கு மேலேயே கிடைக்கிறது. கிடைக்காதது ஊறலும் எண்ணெயும். தேய்க்கிற நேரத்தில் பாதியை ஊற வைப்பதற்கும், மீதிப் பாதியைப் பூசுவதற்கும் கொடுத்தால் தோல் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்.

தோல் தானே உரிகிறது

தோலின் மேற்படையில் செத்துத் தட்டையான உயிரணுக்கள் பதினைந்து இருபது அடுக்காகப் படிந்திருக்கின்றன. அந்த அடுக்கு முழுவதும் சேர்ந்தாலும் ஒரு தாளின் தடிப்பு வராது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மட்டும் பல மடங்கு தடிப்பு. அடியில் பிறக்கிற புது உயிரணு மேலே ஏறி வந்து, செத்து, உதிர்வதற்கு வாலிப வயதில் ஏறக்குறைய 28 நாள் எடுக்கிறது. வயது ஏற ஏற அது நாற்பது நாளையும் தாண்டும். ஐம்பதைத் தாண்டியவர்களின் காலில் செதில் அதிகம் தெரிவதற்கு அது ஒரு காரணம்.

தேயிலை மலையில் மண் சரியாமல் அடுக்குகிற கல்கட்டைப் பார்த்திருப்பீர்கள். கல்லைப் பிடித்து வைப்பது இடையிலிருக்கும் மண். தோலில் கல் என்பது செத்த உயிரணு, மண் என்பது அதற்கு இடையிலிருக்கிற கொழுப்பு. சுடுதண்ணீரும் காரமான சவர்க்காரமும் காய்ந்த காற்றும் அந்தக் கொழுப்பைக் கரைத்து எடுக்கின்றன. கொழுப்புப் போனால் உள்ளே இருக்கிற நீர் கசிந்து வெளியேறும், வெளியே இருக்கிற தூசியும் கிருமியும் மருந்தும் உள்ளே போகும். செதிலாகத் தெரிவது அழுக்கு அல்ல. உதிர வேண்டிய படை, ஈரம் போதாமல் ஒழுங்காக உதிர முடியாமல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அதற்கு ஈரம் கொடுத்தால் தானாக உதிரும். காய்ந்தபடியே பிய்த்து இழுத்தால் நல்ல படையும் சேர்ந்து வரும்.

இன்னொரு விஷயம். நல்ல தோல் சற்றுப் புளிப்புத் தன்மை உள்ளது, பி.எச். 5 அளவில். கட்டிச் சவர்க்காரங்களில் பெரும்பாலானவை 9, 10 என்று காரப் பக்கம் நிற்கும். துணி துவைக்கிற சவர்க்காரத்தால் உடம்பையும் கழுவிவிடுகிற பழக்கம் பல லயங்களில் உண்டு. தண்ணீர் குறைவு, நேரம் குறைவு, காசு குறைவு, அதனால் வருகிற பழக்கம் அது. வேறு ஒன்றும் முடியாவிட்டால், சவர்க்காரத்தை அக்குள், இடுப்புக்குக் கீழே, பாதம், கை என்று வேர்வையும் அழுக்கும் சேர்கிற இடங்களுக்கு மட்டும் போடுங்கள். கைகால்களின் மற்றப் பகுதிக்கு, காய்ந்த மாதங்களில், வெறும் தண்ணீரே போதும்.

பாதம்

கூடுதலாகச் சொல்ல வேண்டியது பாதத்தைப் பற்றித்தான். தேய்த்து எடுப்பது உண்மையிலேயே பயன் தருகிற இடமும் இதுதான்.

குதிகாலில் தோல் தடிக்கிறது. அது காய்ந்து விறைக்கிறது. உடம்பின் பாரம் அழுத்தும்போது விறைத்த தோல் விரிந்து கொடுக்க முடியாமல் பிளக்கிறது. பித்தவெடிப்பு என்று பெயர் இருந்தாலும் பித்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பின்பக்கம் திறந்த ரப்பர் செருப்புடன் நாள் முழுக்கச் சரிவில் ஏறி இறங்குகிறவர்களுக்கு அது சீக்கிரம் வரும்.

செய்ய வேண்டியது இப்படி. இரவில், வேலையெல்லாம் முடிந்த பிறகு, ஒரு பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்துக் கணுக்கால் மூழ்க வையுங்கள். முழங்கையை விட்டுப் பார்த்தால் சூடு தெரியக் கூடாது. உப்புப் போட வேண்டாம், அது இன்னும் காய வைக்கும். கால் மணி நேரம் ஊறட்டும். உள்ளங்கால் தோல் சுருங்கி வெளுத்து, நகத்தால் அழுத்தினால் மெத்தென்று உள்ளே போகும். அந்தப் பதம் வந்த பிறகுதான் கல்லை எடுக்க வேண்டும். கடையில் விற்கிற கால் தேய்க்கும் கல், பீர்க்கங்காய்ப் பஞ்சு, ஒரு முரட்டுத் துணி, எதுவும் சரி. ஒரே திசையில், அழுத்தாமல், இருபது முப்பது தடவை. வெள்ளை மாவாக வருவது உரிய வேண்டிய தோல். தேய்க்கிற இடம் சிவக்கத் தொடங்கினாலோ சூடு தெரிந்தாலோ நிறுத்திவிடுங்கள். முழுத் தடிப்பையும் ஒரே இரவில் எடுக்கப் பார்க்காதீர்கள். பிளேடால் சீவுவது, கத்தியால் செதுக்குவது, இரண்டும் கூடவே கூடாது.

பிறகு துடைப்பது. விரலிடுக்கு நான்கையும் துணியை விட்டு ஒற்றி எடுங்கள். பாதத்தில் ஈரம் முழுதாகக் காயுமுன், மூன்று நிமிடத்துக்குள், பூச வேண்டியதைப் பூசுங்கள். வஸ்லின் மலிவானது, காய்ந்த தோலுக்கு அதைவிடச் சிறந்த மூடி குறைவு. தேங்காயெண்ணெயும் நல்லது. வெடிப்பு கூடுதலாக இருந்தால் பாமசியில் யூரியா கலந்த கிறீம் கேளுங்கள், நூற்றுக்கு 10 அல்லது 20 அளவுள்ளது. யூரியா என்றதும் தோட்டத்தில் போடுகிற உரம் நினைவுக்கு வரலாம். பெயர் ஒன்றுதான், ஆனால் உர யூரியாவைக் கரைத்துக் காலில் பூசிவிடாதீர்கள். மருந்துக் கிறீம் அளவாகவும் சுத்தமாகவும் தயாரிக்கப்பட்டது. விரலிடுக்கில் எதையும் பூச வேண்டாம். பூசிய காலில் பழைய பருத்திச் சொக்ஸ் போட்டுக்கொண்டு படுத்தால் காலைக்குள் வித்தியாசம் தெரியும். சீமெந்துத் தரையில் வழுக்கும், வெளிக் கக்கூசுக்குப் போகிறவர்கள் இராத்திரி சொக்ஸைக் கழற்றிவிட்டுப் போங்கள். வஸ்லினும் எண்ணெயும் ஊறிய துணி சீக்கிரம் தீப்பற்றும், விறகடுப்புக்குப் பக்கத்தில் காய வைக்காதீர்கள்.

தேய்ப்பது கிழமைக்கு ஒரு தடவை, அதிகம் போனால் இரண்டு. பூசுவது தினமும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், தினமும் தேய்க்கிறார்கள், ஞாபகம் வந்தால் பூசுகிறார்கள். தினமும் தேய்க்கிற குதிகால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இன்னும் தடிக்கும்.

வெடிப்பு ஆழமாகி இரத்தம் தெரிந்தால் தேய்ப்பை முழுதாக நிறுத்துங்கள். கழுவி, வஸ்லின் வைத்து, பிளாஸ்டரால் மூடுங்கள். சேற்றிலும் சாணத்திலும் மிதிக்கிற கால் அது. ஏற்பு ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று தோட்டத்து டிஸ்பென்சரியில் கேட்டுப் பார்ப்பது நல்லது. சுற்றிலும் சிவந்து வீங்கினால், சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும்.

சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு மேலே சொன்ன ஊறலும் கல்லும் பொருந்தாது. அவர்களின் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். தண்ணீர் சுட்டாலும் தெரியாது, கல் கிழித்தாலும் தெரியாது. அவர்கள் தினமும் கழுவி, ஒற்றி, மேலேயும் கீழேயும் கிறீம் பூசி, வெளிச்சத்தில் உள்ளங்காலைப் பார்த்தால் போதும். குனிய முடியாவிட்டால் பிள்ளைகள் பார்க்கட்டும். தடித்த தோலை எடுக்க வேண்டுமென்றால் கிளினிக்கில் எடுப்பார்கள்.

கதிர்காமத்துக்கு நடக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கதிர்காமம் மொனராகலை மாவட்டத்துக்குள் இருக்கிறது. ஆடித் திருவிழா வருவதும் இதே காய்ந்த மாதங்களில். யாழ்ப்பாணத்திலிருந்து கிழக்குக் கரையோரமாக வாரக்கணக்கில் நடந்து வரும் பாதயாத்திரைக்காரர்களும் உண்டு, நம் தோட்டங்களிலிருந்து இரண்டு மூன்று நாள் நடந்து போகிறவர்களும் உண்டு. நடைக்கு முந்தின கிழமை காலை அழகாக்குவதாக நினைத்துக் குதிகாலை உரித்துவிடாதீர்கள். வெறுங்காலோடு நடக்கிறவருக்கு அந்தத் தடிப்புத்தான் காப்பு. வெடிப்பு இருந்தால் ஒரு மாதத்துக்கு முன்பே தொடங்கித் தினமும் எண்ணெய் பூசி மெதுவாக்குங்கள், தடிப்பு இருக்கட்டும், விறைப்பு மட்டும் போகட்டும். வழியில் கொப்பளம் வந்தால் உடைக்க வேண்டாம். மேல்தோல் மூடியிருக்கும்வரை உள்ளே கிருமி போகாது. தானாக உடைந்தால் கழுவித் துணியால் மூடிக் கட்டுங்கள், மேல்தோலைப் பிய்த்து எறியாதீர்கள். மாணிக்க கங்கையில் முழுகி எழுந்த பிறகு விரலிடுக்கைத் துடைக்க மறந்தால், வீடு திரும்பும்போது சேற்றுப்புண்ணும் சேர்ந்து வரும்.

ஐப்பசியிலிருந்து தை வரையான மழைக்காலத்தில் பாதத்தின் பிரச்சினையே மாறிவிடுகிறது. அப்போது பிரச்சினை ஈரம். விரலிடுக்கு வெளுத்து, வெடித்து, நாறும். அது பூஞ்சணம். அதைத் தேய்க்கக் கூடாது. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் காலங்காலமாகக் கொடுத்துவருகிற வைட்ஃபீல்ட் களிம்பு என்று ஒன்று உண்டு. அதில் பென்சோயிக் அமிலமும் சாலிசிலிக் அமிலமும் இருக்கின்றன. ஒன்று பூஞ்சணத்தை அடக்கும், மற்றது பூஞ்சணம் குடியிருக்கிற செத்த தோலை மெல்லக் கழற்றும். கல்லில்லாமல் தோலை உரிக்கிற முறை அது. ஊவாத் தேயிலையின் வாசனைக்குக் காரணமான பொருட்களில் முக்கியமானது மெதில் சாலிசிலேட், இந்த சாலிசிலிக் அமிலத்தின் நெருங்கிய உறவு. ஆனால் தேயிலைச் சாயத்தில் காலை ஊற வைத்தால் இந்தப் பலன் வராது, அதில் இருப்பது மிக மிகக் கொஞ்சம். புண் திறந்திருந்தால் இந்தக் களிம்பு எரியும், அப்போது வேறு மருந்து கேளுங்கள்.

மழைக்காலத்தின் இன்னொரு தொல்லை அட்டை. கடித்த அட்டையைப் பிய்த்து எடுக்காமல், அதன் வாயோரத்தில் நகத்தை வைத்துத் தோலோடு சேர்த்துத் தள்ளுங்கள். உப்போ நெருப்போ வைத்தால் அட்டை தான் குடித்ததைப் புண்ணுக்குள்ளேயே கக்கிவிடலாம். இரத்தம் உறையாமல் இருக்க ஒரு சாற்றை அது விட்டுப் போகிறது, ஆகையால் கொஞ்ச நேரம் வடியும், பயப்பட வேண்டாம். கழுவி அழுத்திப் பிடியுங்கள். பிறகு வருகிற அரிப்புக்குச் சொறிந்து சொறிந்துதான் காலெல்லாம் கறுத்த தழும்பு விழுகிறது.

கை

கொழுந்து பறிக்கிற விரலில் கறுப்புக் கறை ஏறுகிறது. பறித்த இலையின் சாறு காற்றுப் பட்டுக் கறுக்கிறது, பெக்டரியில் இலை நிறம் மாறுவதும் இப்படித்தான். கறை ஏறுவது செத்த மேற்படையில் மட்டும். வேலைக்குப் போகாமல் இருந்தால் சில நாளில் அந்தப் படை உதிர உதிரத் தானாக வெளுக்கும். கல்யாணத்துக்குப் போக வேண்டும், பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்று சிலர் சலவைத் தூளையும் புளீச்சையும் போட்டு விரலைத் தேய்க்கிறார்கள். கறை போகும், மேற்படையும் சேர்ந்து போகும், மறுநாள் மலைக்குப் போனால் அந்தப் பச்சைத் தோலில் கறை இன்னும் ஆழமாக இறங்கும். அந்தக் கறையில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், அது உழைக்கிற கை.

கறையைக் குறைக்க வழி, வேலைக்குப் போகுமுன் பூசுவது. பெரட்டுக்குப் போகிற அவசரத்திலும் ஒரு துளி தேங்காயெண்ணெயை விரல்களிலும் நகக்கண்ணிலும் தடவிவிட்டுப் போங்கள். விரலிலுள்ள கீறல்களை எண்ணெய் நிரப்பிவிட்டால் சாறு உள்ளே இறங்குவது குறையும். மாலையில் வந்ததும் கையை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் வைத்து, பழைய பல் பிரஷால் நகத்தைச் சுற்றி மெதுவாகத் தேயுங்கள். பிறகு மறுபடியும் எண்ணெய்.

மருந்தடிக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது இது: களைக்கொல்லி அடிக்கிற நாளுக்கு முந்தின இரவு கையையும் காலையும் தேய்க்காதீர்கள். உரிந்த தோல் வழியாக மருந்து அதிகம் உள்ளே போகும். மொனராகலைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர்களுக்கும், ஷீட் போடுகிற இடத்தில் அசிட் கலக்கிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. பெல்வத்தை, செவனகலக் கரும்புக் காட்டில் வேலை செய்கிறவர்களுக்கு இலையிலுள்ள நுண்ணிய சுணை குத்தி அரிக்கும். ஓடுகிற தண்ணீரில் கழுவிவிடுங்கள், துணியால் துடைத்துத் தேய்த்தால் சுணை உள்ளே ஏறும்.

முகம்

முகத்தோல் மெல்லியது. தும்பு, கல், உப்பு, கோப்பித்தூள் எதுவும் முகத்துக்கு வேண்டாம். ஈரத் துணியால் வட்டமாகத் துடைத்து எடுப்பதே போதுமான தேய்ப்பு. அதற்கு மேல் வேண்டுமென்றால் பயறு மா. வறுக்காத பயற்றை அரைத்து மெல்லிய துணியில் சலித்து எடுங்கள், விரலிடையில் உருட்டினால் மணல் தெரியக் கூடாது. தண்ணீரிலோ பாலிலோ குழைத்துத் தடவி, இரண்டு நிமிடத்தில், அது காய்ந்து இறுகுமுன் கழுவிவிடுங்கள். இறுகிய மாவைத் தேய்த்து உதிர்ப்பதில்தான் கன்னம் சிராய்கிறது. கிழமைக்கு ஒரு தடவை, இரவில் மட்டும். புதிதாக உரிந்த தோலுக்கு வெயில் ஆகாது. நாம் இருப்பது பூமத்திய ரேகையிலிருந்து ஏழு பாகை வடக்கே. ஹப்புத்தளையில் குளிர் அடிக்கிறதே என்று வெயிலைக் குறைவாக நினைக்க வேண்டாம், உயரம் கூடக் கூடப் புறஊதாக் கதிரும் கூடும்.

மஞ்சள் பூசுகிறவர்கள் கிழங்காக வாங்கி அரைத்துப் பூசுங்கள். 2020இல் இறக்குமதி தடைபட்டு மஞ்சளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, தூளில் மாவும் வேறு நிறமும் கலந்து விற்றார்கள். அந்தக் கலப்படம் சாப்பாட்டுக்கும் ஆகாது, முகத்துக்கும் ஆகாது. வெல்லவாயப் பாதையில் சட்டியில் வாங்குகிற எருமைத் தயிரையும் முகத்தில் பூசலாம். அதில் லக்டிக் அமிலம் உண்டு, செத்த தோலைக் கழற்றுகிற கிறீம்களில் இருப்பதும் அதே அமிலம்தான். தயிரில் அளவு குறைவு, ஆகையால் உரிப்பதைவிடக் குளிர்ச்சியும் ஈரமும்தான் கிடைக்கும்.

தேசிக்காயை மட்டும் முகத்திலோ கழுத்திலோ தேய்க்காதீர்கள். அதன் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால், ஓரிரு நாளில் சுட்டது மாதிரிக் கொப்பளித்து, பிறகு மாதக்கணக்கில் கறுத்து நிற்கும். தேசிக்காய்த் தோட்டத்திலோ கடையிலோ பழம் பிழிகிறவர்கள் வெயிலுக்குப் போகுமுன் கையைக் கழுவ வேண்டும்.

நம் போன்ற மாநிறத் தோலுக்கும் கறுப்புத் தோலுக்கும் ஒரு இயல்பு உண்டு. எங்கே காயப்பட்டாலும் அங்கே கறுப்பைக் கூட்டி வைக்கும். பரு, சிராய்ப்பு, சூடு, தேய்ப்பு, எல்லாம் அதற்குக் காயம்தான். கன்னத்து மங்கையும் முழங்கைக் கறுப்பையும் தேய்த்துப் போக்க நினைக்கிறவர்கள் தேய்க்கத் தேய்க்க அதை வளர்க்கிறார்கள். கழுத்தின் பின்பக்கம் தடித்து, வெல்வெட் மாதிரிக் கறுத்திருந்தால் அது அழுக்கே அல்ல. பெரும்பாலும் உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அடையாளம். பிள்ளையின் கழுத்தை உரசி உரசிப் புண்ணாக்கிய தாய்மார் உண்டு. அந்தப் பிள்ளைக்கு வேண்டியது சீனிப் பரிசோதனை.

வெள்ளையாக்கும் கிறீம் பற்றி நான் கடுமையாகவே சொல்வேன். ஏழு நாளில் வெள்ளையாகலாம் என்று விற்கிற, தயாரித்தவர் பெயரோ உள்ளடக்கமோ இல்லாத டப்பாக்களில் பாதரசம் இருக்கக்கூடும், கடுமையான ஸ்டீரொயிட் இருக்கக்கூடும். பாதரசம் தோல் வழியாக உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், கர்ப்பிணியிடமிருந்து வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். ஜப்பானில் பாதரசம் கலந்த ஆலைக்கழிவால் ஒரு கடலோர ஊரே பாதிக்கப்பட்டது, அந்த ஊரின் பெயரால் 2013இல் மினமாட்டா உடன்படிக்கை எழுதப்பட்டது. பாதரசம் சேர்த்த அழகுப் பொருட்களை 2025க்குள் முற்றாக ஒழிப்பதென்று அந்த உடன்படிக்கை நாடுகள் 2023இல் தீர்மானித்தன. இருந்தும் பெட்டிக்கடைகளிலும் கைமாற்றாகவும் அவை வருகின்றன. ஸ்டீரொயிட் கிறீம் முதல் மாதம் முகத்தைப் பளபளக்க வைக்கும். நிறுத்தினால் சிவந்து, பருவெடுத்து, முன்னைவிடக் கறுக்கும், தோல் மெலிந்து நரம்பு தெரியும். கல்யாணத்துக்கு நிற்கிற பெண்பிள்ளையிடம் இந்த டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். வெயிலில் உழைக்கிற உடம்புக்கு நிறம் ஒரு காப்பு, அதைக் குறைபாடாக அவளுக்குக் கற்றுக்கொடுக்காதீர்கள்.

கைக்குழந்தை

பிறந்த பிள்ளைக்கு மா தேய்த்து உரசிக் குளிப்பாட்டுவது லயங்களில் இன்னும் இருக்கிறது. “தேச்சாத்தானே மிஸ்ஸி அழுக்கும் முடியும் போகும்?” என்று கேட்பார்கள். பிறக்கும்போது உடம்பில் ஒட்டியிருக்கிற வெள்ளைப் பசை பிள்ளைக்குப் பாதுகாப்பு, அதைத் தேய்த்து எடுக்கக் கூடாது. முதல் குளிப்பை ஒரு நாளாவது தள்ளிப்போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பிறகு சில கிழமையில் தோல் தானே உரியும், முடியும் தானே கொட்டும். வெதுவெதுப்பான தண்ணீர், கை, கடைசியில் ஒரு துளி தேங்காயெண்ணெய், வேறொன்றும் வேண்டாம்.

தேய்க்கவே கூடாத இடங்கள்

விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் இடுப்பிலும் பொடிப் பொடியாகக் கிளம்பி, இரவில் அரிப்புக் கூடினால், வீட்டில் இன்னொருவருக்கும் இருந்தால், அது சொறிச்சிரங்கு. தோலுக்குள் குடைந்து வாழ்கிற நுண்ணிய பூச்சி. தேய்த்தால் பூச்சி போகாது, புண்தான் மிஞ்சும். டொக்டர் தருகிற பெர்மெத்ரின் கிறீமைக் கழுத்திலிருந்து கால் விரல் வரை ஒரு இடம் விடாமல் பூசி, இரவு முழுக்க வைத்துக் காலையில் கழுவ வேண்டும். ஒரு கிழமையில் மறுபடியும். முக்கியமானது, ஒரே காம்பராவில் படுக்கிற எல்லோரும், அரிப்பு இல்லாதவர்களும், அதே இரவில் பூச வேண்டும். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் எப்படிப் பூசுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். உடுப்பையும் படுக்கை விரிப்பையும் சுடுதண்ணீரில் துவைத்து வெயிலில் போடுங்கள். துவைக்க முடியாததைப் பையில் இறுகக் கட்டி நான்கைந்து நாள் வைத்தால் பூச்சி செத்துவிடும்.

வட்டமாக, ஓரம் தடித்து அரிப்பது படர்தாமரை. பாமசியில் கேட்டு வாங்குகிற ஸ்டீரொயிட் கலந்த கிறீமைப் பூசினால் இரண்டு நாள் அரிப்பு அடங்கும், பிறகு உடம்பெல்லாம் பரவும். ஒரு சிறிய பருப்போல் தொடங்கி, வலியில்லாமல் மாதக்கணக்கில் ஆறாமல் நிற்கிற புண்ணைப் பற்றி உலர் வலயத்தில் இருப்பவர்கள் விசேஷமாக அறிந்திருக்க வேண்டும். மணல் ஈ கடித்துப் பரவுகிற லீஷ்மேனியா நோயாக இருக்கலாம். இலங்கையில் 2008 முதல் அது சுகாதாரத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டிய நோய். அதைத் தேய்த்தும் பச்சிலை வைத்தும் காலம் கடத்தாதீர்கள்.

கடைசியாக, வெளுத்த திட்டு. தேமல் என்றால் மெல்லிய செதில் இருக்கும், உணர்ச்சி சரியாக இருக்கும், பூஞ்சண மருந்தில் போகும். ஆனால் வெளுத்த அல்லது செம்பு நிறத் திட்டு ஒன்று நெடுநாளாக இருந்து, கண்ணை மூடிக்கொண்டு பஞ்சால் தொட்டால் தெரியவில்லை என்றால், அது தொழுநோயாக இருக்கலாம். பயந்து ஒளிக்கிற காலம் போய்விட்டது. மாத்திரையால் முழுதாகக் குணமாகும், நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதம் அல்லது பன்னிரண்டு மாதம். மருந்து தொடங்கிய கொஞ்ச நாளிலேயே அது மற்றவர்களுக்குத் தொற்றுவது நின்றுவிடும். தாமதித்தால் மட்டுமே கையும் காலும் கெடும். வீட்டில் யாருக்காவது அப்படி ஒரு திட்டு இருந்தால் இந்தக் கிழமையே தோட்டத்து டிஸ்பென்சரியிலோ எம்.ஓ.எச். அலுவலகத்திலோ காட்டுங்கள், அங்கிருந்து பதுளைக்கோ மொனராகலைக்கோ அனுப்புவார்கள். பரிசோதனையும் மாத்திரையும் இலவசம்.